ஒருத்திக்குத்தானே!

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுந்தவள் நான். மேடைப் பழக்கம் கிடையாது. "தனியாக இருந்தும் எப்படி சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று பேசுங்களேன்" என்றார் நம் செயலாளர். எப்போதும் சந்தோஷம் என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு காரணம் என்று கிடையாது. இன்றைய பேச்சும் அது இல்லை.

அம்மா இருந்தவரை வீட்டில் தினமும் குழம்பு, கறி, ரசம் உண்டு. அம்மா போன பிறகு என் வாயில் ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது: "ஒருத்திக்குத்தானே!" ஒருத்திக்கு எதற்கு ரசம், மோர் சாதம் போதும். ஒருத்திக்கு எதற்கு ஹாலில் விளக்கு. ஒருத்திக்காக எதற்கு ஆட்டோ பிடித்துக் கச்சேரிக்குப் போக வேண்டும். நல்ல டம்ளர்கள் ஷோகேஸில் இருந்தன. நான் காபி குடித்தது விளிம்பு நசுங்கிய டம்ளரில். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டேன்.

மூன்று வருடம் முன்பு காய்ச்சல் வந்து படுத்தேன். எழுந்து கஞ்சி வைக்கத் தெம்பு இருந்தது, ஆனால் வைக்கவில்லை. மூன்று நாளும் பிஸ்கெட்டும் தண்ணீரும்தான். நாலாம் நாள் தங்கை போன் செய்து, "எனக்கும் காய்ச்சல்க்கா" என்றாள். "கஞ்சி வெச்சுக் குடிச்சியா இல்லையா? நான் கிளம்பி வரட்டுமா?" என்று அவளைத் திட்டினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவளுக்காகப் பஸ் ஏறத் தயாராக இருந்தவள், எனக்காகப் பத்தடி நடந்து அடுப்படிக்குப் போகவில்லை.

அன்று நொய்க்கஞ்சி வைத்து, ஷோகேஸிலிருந்து ஒரு நல்ல கிண்ணத்தை எடுத்துக் கழுவி, மேஜையில் உட்கார்ந்து குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஊறுகாய் காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது வங்கி. அதை வைத்தே சொல்கிறேன். ஒரு சேமிப்புக் கணக்கை இரண்டு வருடம் நீங்கள் தொடாமல் விட்டால் அது செயல்படாத கணக்கு. வங்கி தானாகப் போடும் வட்டி கணக்கை உயிரோடு வைக்காது, நீங்களாகவே ஏதாவது ஒரு பரிவர்த்தனை செய்ய வேண்டும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் அது உங்கள் பணம்தான். உரிய சான்றுகளோடு வந்து கேட்டால் அப்போதும் கிடைக்கும்.

மனதுக்குள் இருப்பதும் அப்படித்தான். அடுத்தவர்கள் "நல்லவங்க, பாவம்" என்று சொல்வதெல்லாம் வட்டி வரவு மாதிரி. அதனால் கணக்கு ஓடாது. நாமாகத்தான் போய்த் தொட வேண்டும்.

நான் தொட்டது கேரம். எங்கள் கிளையில் மதிய இடைவேளையில் நன்றாக ஆடுவேன். ஓய்வுக்குப் பிறகு, கூட ஆட ஆள் இல்லையே என்று விட்டுவிட்டேன். நம் கிளப் ஹவுஸில் ஒரு போர்டு தூசி படிந்து கிடந்தது. ஒரு நாள் துடைத்துப் பவுடர் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளைக்கும் நானே, கறுப்புக்கும் நானே. ரெட்டைப் போட்டு ஃபாலோவும் விழுந்தபோது, பார்க்க யாருமில்லை. ஆனாலும் சிரித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் பி பிளாக் பிள்ளைகள் வந்து என்னைத் தோற்கடிக்கிறார்கள், அது தனி சந்தோஷம். மற்ற நாட்களில் தனியாக ஆடுவதிலும் குறை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி மட்டும் எனக்கு இன்னும் கஷ்டம்தான். எல்லா வீட்டிலும் பேச்சுச் சத்தம் கேட்கும். முன்பெல்லாம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது விளக்கைப் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கிறேன். வெறுமை போய்விடுகிறது என்று சொல்லவில்லை. அதற்கும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிடப் பழகியிருக்கிறேன்.

ஜோடியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டுக் கணக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் பெயரில் ஒரு தனிக்கணக்கும் ஓடட்டும், வங்கியிலும் சரி, மனதிலும் சரி. தனியாக இருப்பவர்கள் நாமினி பெயரை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் என் வீட்டுக்கு வாருங்கள். காபி தருகிறேன், நல்ல டம்ளரிலேயே. இப்போது நான் குடிப்பதும் அதில்தான்.