ஒரே ரைஃபிள், ரெண்டு வேலை: எடை சொல்ற கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

பல்லடம் – தாராபுரம் ரோட்டுல இருக்கற குண்டடத்துல இருந்து பேசறேன். இந்த வாரம் எடுத்துக்கிட்டது கேட்பவர்கள்கிட்ட இருந்து வந்த ஒரு கேள்வி. "தூக்கிட்டு நடக்கற அளவுக்கு லேசா, வேட்டைக்கும் ஆகணும், ரேஞ்சுல குறி பாத்து சுடறதுக்கும் ஆகணும். அப்படி ஒரு ரைஃபிள் இருக்கா?"

கேள்வி சின்னதுதான். ஆனா அதுக்குள்ள இயற்பியல் இருக்கு, சட்டம் இருக்கு, எங்க ஊர் ஆட்டுப்பட்டியும் இருக்கு. ஒண்ணொண்ணா பாக்கலாம்.

ஜிஎஸ்எம் கணக்கு

திருப்பூர் பக்கம் யாரைக் கேட்டாலும் ஜிஎஸ்எம்னா என்னன்னு சொல்லுவாங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு. வெயிலுக்குப் போடற பனியனுக்கு ஒரு ஜிஎஸ்எம், குளிருக்குப் போடற ஹூடிக்கு அதைவிட ரொம்ப அதிகம். "ரெண்டுக்கும் ஒரே துணி குடுங்க"ன்னு பையர் கேட்டா, நடுவுல ஒண்ணு குடுக்கலாம். ஆனா அது வெயில்ல வேர்க்கும், குளிர்ல நடுங்கும்.

ரைஃபிளும் அதே மாதிரிதான். வேட்டைக்காரர் பத்து கிலோமீட்டர் நடப்பார், ஒரு தடவை சுடுவார். அவருக்கு லேசா இருக்கணும். குறி சுடறவர் ஒரே இடத்துல நின்னு 60 தடவை சுடுவார். அவருக்கு கனமா இருக்கணும்.

ஏன் கனம்? மூணு காரணம்.

முதல்ல பின்னுதைப்பு. குண்டு முன்னால போறப்போ துப்பாக்கி பின்னால வருது, நியூட்டனோட மூணாவது விதி. அதே தோட்டாவை 6 கிலோ ரைஃபிள்லயும் 3 கிலோ ரைஃபிள்லயும் சுட்டா, 3 கிலோ ரைஃபிள் ரெண்டு மடங்கு வேகத்துல தோளுக்கு வரும், அதோட இயக்க ஆற்றலும் ரெண்டு மடங்கு. அஞ்சாவது குண்டுக்குள்ள உடம்பு பயந்துக்க ஆரம்பிச்சிரும். டிரிக்கரை இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மூடும், தோள் சுருங்கும். குறி போச்சு.

ரெண்டாவது நடுக்கம். நம்ம நாடித்துடிப்பு, மூச்சு எல்லாமே குழல் முனையை அசைக்கும். கனமான பொருள் அவ்வளவு சுலபமா அசையாது.

மூணாவது சூடு. குழலை மெலிசாக்கினா எடை குறையும், ஆனா நாலஞ்சு குண்டுலயே சூடேறி, குண்டு விழற இடம் நகர ஆரம்பிக்கும். வேட்டைக்காரருக்கு அது பிரச்சினை இல்லை, அவருக்கு ஆறின குழல்ல இருந்து போற முதல் குண்டுதான் முக்கியம். குறி சுடறவருக்கு அறுபதாவது குண்டும் முதல் குண்டு மாதிரியே போகணும்.

இடையில ஒரு வழி தேடினவங்க

இதுக்கு நடுவுல நிக்க முயற்சி பண்ணினவர்கள்ல முக்கியமானவர் ஜெஃப் கூப்பர்ங்கற அமெரிக்கர். 1980-கள்ல அவர் 'ஸ்கவுட் ரைஃபிள்'னு ஒரு வரையறை எழுதினார். எடை சுமார் 3 கிலோ, நீளம் ஒரு மீட்டருக்குள்ள, ஒரே ஆள் எல்லா வேலைக்கும் வெச்சுக்கற மாதிரி. 90-களோட கடைசியில ஆஸ்திரியாவோட ஸ்டேயர் கம்பெனி அதை செஞ்சும் காட்டுச்சு. பாலிமர் கட்டை, எடை குறைக்கறதுக்காக பள்ளம் வெட்டின மெல்லிய குழல். இப்ப கார்பன் ஃபைபர் சுத்தின குழல், டைட்டானியம் பாகங்கள் எல்லாம் வந்திருச்சு. நல்ல ரைஃபிள்தான். ஆனா ஒலிம்பிக்ஸ்ல அதைத் தூக்கிட்டு யாரும் வர்றதில்லை.

நம்ம பக்கத்து உதாரணம் கென்னத் ஆண்டர்சன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காடுகள்ல ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி நடந்தவர். அவர் கையில இருந்தது .405 வின்செஸ்டர். கனமான குண்டு, கிட்டத்துல இருந்து சுடறதுக்கானது. அதுல மில்லிமீட்டர் துல்லியம் யாரும் கேக்கலை.

அரை மில்லிமீட்டர் உலகம்

மில்லிமீட்டர் கேக்கற உலகம் வேற. கடலூர்ல பிறந்து குஜராத்துல வளர்ந்த இளவேனில் வாலறிவனை எடுத்துக்கங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அந்த இலக்குல 10-ங்கற புள்ளியோட குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். அதாவது புள்ளியைவிட குண்டு பெருசு!

ரைஃபிளோட எடை 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம்னு விதி. ஆனா அதுல இருந்து வர்ற பெல்லட்டோட ஆற்றல் 7, 8 ஜூல்தான். பின்னுதைப்பே கிடையாதுன்னு சொல்லலாம். அப்போ அவ்வளவு எடை எதுக்கு? முழுக்க முழுக்க அசையாம நிக்கறதுக்கு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தகுதிச்சுற்றுல இளவேனில் 60 குண்டுல எடுத்தது 630.7. பத்தாவது இடம். முதல் 8 பேருக்குத்தான் ஃபைனல். அதே சுற்றுல அஞ்சாவதா வந்து ஃபைனலுக்குப் போன இன்னொரு இந்தியர் ரமிதா ஜிண்டால் எடுத்தது 631.5. வித்தியாசம் 0.8. அறுபது குண்டுக்கும் சேத்து 0.8! இந்த உலகத்துல வந்து "லேசா ஒரு ரைஃபிள் குடுங்க"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

வேட்டைங்கற பாதி

இனி கேள்வியோட இன்னொரு பாதி. நேரா சொல்லிடறேன். இந்தியாவுல பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதுல 1991-ல வந்த திருத்தம், ரெண்டும் சேந்து அந்தக் கதவை மூடிருச்சு. முயலானாலும் சரி, கௌதாரியானாலும் சரி. சட்டத்துல 'வேட்டை'ன்னா சுட்டுக் கொல்றது மட்டும் இல்லை. கண்ணி வைக்கறது, விஷம் வைக்கறது, அதுக்கு முயற்சி பண்றதும் வேட்டைதான்.

"அப்போ ஏர்கன்?" நிறைய பேர் கேட்டிருக்கீங்க. 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் மேல போகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனா ஸ்பிரிங் மாத்தி, பவர் ஏத்தி 20 ஜூலைத் தாண்டினா அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். யூடியூப் பாத்து அதைச் செய்யற தம்பிகளுக்கு இது தெரியறதில்லை. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி தயாரிக்கறதுக்கு 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்சத் தண்டனையே 7 வருஷம். ஆயுள் வரைக்கும் போகலாம்.

இதை நகரத்துல உக்காந்து சொல்றது சுலபம். எங்க பக்கம் நிலைமை வேற. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், குண்டடம் சுத்துவட்டாரத்துல தெருநாய்ங்க கூட்டமா பட்டிக்குள்ள பூந்து ஆடுகளைக் கடிச்சுப் போட்டுட்டுப் போகுது. செத்த ஆடுகளை ரோட்டுல போட்டு நஷ்டஈடு கேட்டுப் போராட்டம் நடந்த செய்தியை நீங்களும் பாத்திருப்பீங்க. காலையில பட்டியைத் திறந்து பத்து ஆடு செத்துக் கிடக்கறதைப் பாக்கற மனுஷனுக்கு துப்பாக்கி ஞாபகம் வர்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனா அந்தத் துப்பாக்கி அவரைக் காப்பாத்தாது. நாயைச் சுட்டா அதுவும் குற்றம். ராத்திரி இருட்டுல நாட்டுத்துப்பாக்கியை வெச்சுக்கிட்டு, அசையறது என்னன்னு தெரியாம சுட்டு, பன்னின்னு நெனச்சு மனுஷனைக் கொன்ன செய்திகள் மலையோர ஊர்கள்ல இருந்து வந்துட்டேதான் இருக்கு. அவுட்டுக்காயும் அப்படித்தான். யார் வாயில வெடிக்கும்னு வெச்சவருக்கே தெரியாது.

காட்டுப்பன்னி விஷயத்துல 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு வழி அறிவிச்சுது. காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல வெளிய வர்ற பன்னிகளை, பயிற்சி பெற்ற வனத்துறை ஆளுங்க சுடலாம். கவனிங்க, விவசாயி இல்லை, வனத்துறை. மெதுவான வழிதான். ஆனா சுடற ஆளுக்குப் பயிற்சி இருக்கு, பதில் சொல்ற பொறுப்பும் இருக்கு. ஆட்டுக்காரருக்கும் அதே மாதிரி ஒரு வழி வேணும். உறுதியான பட்டிவேலி, நாய்க்கு கருத்தடை, தாமதமில்லாத நஷ்டஈடு. கேக்க வேண்டியது இதைத்தான்.

சரி, எனக்கு சுடக் கத்துக்கணும்

தாராளமா கத்துக்கங்க. கோயமுத்தூர்லயும் சென்னையிலயும் ரைஃபிள் கிளப் இருக்கு. மேட்ச் ரைஃபிள் விலை லட்சங்கள்ல போகும், அதனால முதல் நாளே வாங்க ஓடாதீங்க. கிளப் ரைஃபிள்ல ஆரம்பிங்க. முதல் ஒரு மாசம் பெல்லட்டே போடாம, நிக்கறது, மூச்சு, டிரிக்கர், இது மூணு மட்டும் பழகினாலே போதும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். ரெண்டு வேலைக்கும் ஆகற லேசான ரைஃபிளை உலகத்துல செஞ்சிருக்காங்க, நடுத்தரமா வேலை செய்யும். நம்ம ஊர்ல அந்த ரெண்டு வேலையில ஒண்ணுதான் நமக்கு மிச்சம். அதுக்கு லேசு தேவையே இல்லை. 5.5 கிலோவைத் தூக்கி அசையாம நிக்கக் கத்துக்கங்க.

உங்க கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.