கயிறு பிடிக்க ஆள் இருந்த காலம்

(பட்டிமன்றத் தலைப்பு: கணினி உலகில் மனித உறவை வளர்த்தது அந்தக்கால பிரௌசிங் சென்டரா? இந்தக்காலக் கைப்பேசியா? தூத்துக்குடி மேடையில் ‘அந்தக்கால பிரௌசிங் சென்டரே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணியின் நண்பர்களே! இன்னும் சற்று நேரத்தில் எங்கள் அணிக்கு வந்து சேரப்போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கொற்கை முத்தால் உலகத்தைத் தன் வாசலுக்கு வரவழைத்த மண்ணிலே, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி. நடந்த மண்ணிலே திரண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ரொம்ப அழகாகப் பேசினார். “கையளவு கருவியில் உலகமே அடங்கிவிட்டது” என்றார். உண்மைதானம்மா. உலகம் அடங்கிவிட்டது. வீட்டில் இருக்கிறவன்தான் அடங்க மாட்டேன் என்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் பழைய பஞ்சாங்கம் பாட வரவில்லை. வயதானால் எல்லாருக்கும் அந்தக் காலம் இனிக்கும். என் தாத்தாவுக்கு மாட்டுவண்டி இனித்தது, அப்பாவுக்கு வானொலி இனித்தது, எனக்கு பிரௌசிங் சென்டர் இனிக்கிறது. இனிப்பை வைத்துத் தீர்ப்பு கேட்டால் நீங்கள் தரக்கூடாது. இந்த ஊர் கடலிலிருந்தே ஓர் அளவுகோல் எடுத்துத் தருகிறேன். அதை வைத்து அளந்து பாருங்கள்.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரை இது. இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முன்னாலே எப்படிக் குளித்தார்கள்? ஒருவன் கல்லைக் கட்டிக்கொண்டு அடி ஆழத்துக்கு இறங்குவான். மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவான். மேலே தோணியிலே இன்னொருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருப்பவன் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் உயிர் போய்விடும். அதனாலே கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஏன் மைத்துனன்? கயிறு நழுவினால் தாலி அறுவது அவன் கூடப்பிறந்தவளுக்கு அல்லவா! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் அளவுகோல் இந்தக் கயிறுதான். ஆழத்துக்கு இறங்குவது தப்பே இல்லை. இறங்கினால்தான் முத்து. ஆனால், இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க மேலே ஆள் இருக்கிறதா இல்லையா? என் கேள்வி இது ஒன்றுதான்.

நம் நாட்டிலே பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. பெரிய நகரங்களில் தொடங்கி மெல்ல மெல்ல நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. 2000 வாக்கிலே இங்கே டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் போனால், எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்திலே ஒரு போர்டு தொங்கும். உள்ளே ஆறு கம்ப்யூட்டர், எட்டு நாற்காலி, இருபது பேர்! (சிரிப்பு) டெலிபோன் வழியாக இணைப்பு வரவேண்டும். ‘கீ… கொர்…’ என்று ஒரு சத்தம். கல்யாண வீட்டிலே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கிற மாதிரி இருக்கும். அது நின்றால், “கிடைச்சிருச்சிலே!” என்று இருபது பேருக்கும் ஒரே சந்தோஷம்.

2001ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். விடுமுறைக்கு இந்த ஊருக்கு வந்திருந்தேன். மின்னஞ்சல் பார்க்க ஒரு சென்டருக்குப் போனால், ஐம்பது வயது தாய் ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகன் சரக்குக் கப்பலில் வேலை. சிங்கப்பூரில் இறங்கிப் படம் அனுப்பியிருக்கிறான். அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கடைப் பையன்தான் திறந்து கொடுக்கிறான். அந்தக் காலத்துப் படம் ‘டக்’கென்று வராது, மேலேயிருந்து வரிவரியாக இறங்கும். முதலில் வானம். அப்புறம் முடி. அப்புறம் நெற்றி. “நெத்தியிலே என்ன தழும்பு?” என்கிறார் அம்மா. “தழும்பு இல்ல பெரியம்மா, வெயில்” என்கிறான் பையன். கண் வந்தது. மீசை வந்தது. மீசையோடு லைன் கட்டாகிவிட்டது! (சிரிப்பு) மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் வானம்.

விளையாடிக்கொண்டிருந்த பையன்களெல்லாம் விளையாட்டை விட்டுவிட்டு அந்தம்மா பின்னாலே வந்து நின்றுவிட்டார்கள். “தம்பி, கழுத்து வருதா பாரு. பனிமய மாதா சுரூபம் போட்டு அனுப்பினேன், கழட்டாம இருக்கானான்னு பாரு.” கழுத்து வந்தது. சட்டைக் காலருக்குள்ளே ஒரு சங்கிலி மினுங்கியது. அந்தம்மா சத்தம் போட்டு அழவில்லை, நடுவர் அவர்களே. திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னாலே நின்ற பையன் ஒருவன், “அண்ணன் நல்லா இருக்காம்மா” என்றான். அவனுக்கு அண்ணன் யாரென்றே தெரியாது! ஒரு மகன் படம் அனுப்பினான், பத்து மகன்கள் கிடைத்தார்கள். இதுதான் பிரௌசிங் சென்டர்! (பலத்த கைதட்டல்)

விளையாட்டுக்கு வருவோம். ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ என்ற விளையாட்டைத் தெரியாத வாலிபர் அந்தக் காலத்தில் இல்லை. 1999இலே இரண்டு இளைஞர்கள், ஏற்கனவே இருந்த ஒரு விளையாட்டின் மேலே இதைக் கட்டி முதலில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். சுடுகிற விளையாட்டுதான், நான் மெச்ச வரவில்லை. ஆனால் யார் யாரைச் சுட்டான்? எதிர் நாற்காலிக்காரன் எதிர் நாற்காலிக்காரனை! “ஏலே, ஒளிஞ்சு நின்னா சுடுத?” என்று எழுந்து நின்று கேட்க முடிந்தது. தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும். செத்தவனும் சுட்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றார்கள்! (சிரிப்பு)

இன்றைக்கு? மாடி அறையில் பையன் கத்துகிறான். “யாருடா அது?” என்று கேட்டால் “டீம் மேட்” என்கிறான். “பேரு?” “கில்லர் ஜீரோ ஜீரோ செவன்.” “எந்த ஊரு?” “தெரியாது.” “யாரு பிள்ளை?” “தெரியாதுப்பா, போங்கப்பா!” (சிரிப்பு) யாரென்றே தெரியாதவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு நம் பிள்ளை ஆழத்தில் இறங்கியிருக்கிறான், ஐயா!

“கணினியால் தமிழ் வளர்ந்தது இன்றுதானே?” என்று எதிரணி நண்பர் கேட்டார். அன்றைக்குத் தமிழ் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நான் ஓர் எழுத்துருவில் கடிதம் அடித்தால் உங்கள் கணினியிலே அது பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் கூடினார்கள். 1999இல் சென்னையில் கூடி, ஒரு பொது விசைப்பலகைக்கு வழி செய்தார்கள். அப்படித் தட்டுத்தடுமாறிய அதே காலத்தில், 1998 பொங்கல் நாளிலே, ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்றார். நாடு நாடாகச் சிதறிக் கிடந்த தமிழர்கள், ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமலே, காசு வாங்காமலே, நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை பார்த்தார். உலகத்தார் யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று வைத்தார்கள். அது முகம் தெரியாத உறவுதான், ஆனால் நோக்கம் தெரிந்த உறவு. அங்கேயும் ஒருவர் அடிக்க, ஒருவர் திருத்த, கயிறு பிடிக்க ஆள் இருந்தது! (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி ஒன்று கேட்டார். “பெண் பிள்ளைகள் அங்கே நிம்மதியாகப் போக முடிந்ததா?” நியாயமான கேள்வி. தலை குனிந்து ஒப்புக்கொள்கிறேன். தட்டி அடைத்து, திரை போட்டு வைத்த சென்டர்களில் தப்பு நடந்தது. அங்கே பெண்களை அனுப்பப் பயந்தோம். ஆனால் தாயே, அந்தத் தப்பு எங்கே நடந்தது? தட்டிக்கு உள்ளே! யாரும் பார்க்காத இடத்திலே! தட்டியை எடுத்துவிட்ட கடைகளிலே அது நடக்கவில்லை. அன்றைக்குச் சில கடைகளில் இருந்த தட்டி, இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் இருக்கிறது என்றுதான் நான் அழுகிறேன்! (பலத்த கைதட்டல்)

கடலுக்குப் போன மகன் குரலைக் கைப்பேசியிலே கேட்பது வரம். புயல் எச்சரிக்கை கைக்கே வருவது வரம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அதன் அருமையை இந்தக் கரைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கருவியைத் திட்டவில்லை, நடுவர் அவர்களே. அதோடு நம் பிள்ளையைத் தனியே விட்டதைத்தான் திட்டுகிறேன்.

என் வகுப்பிலே ஒரு மாணவன். நன்றாகப் படிக்கிறவன். திடீரென்று கண் சிவந்து வர ஆரம்பித்தான். கேட்டால் “தலைவலி ஐயா” என்பான். நாலு மாதம். ஒருநாள் அவன் நண்பன் தயங்கித் தயங்கி வந்து சொன்னான்: “ஐயா, ராத்திரி பூரா போனிலே காசு வச்சு ஆடுதான். காலேஜ் பீஸ் போயிருச்சு. அவங்க அக்கா நகைக்குச் சேர்த்த பணமும் போயிருச்சு. பேச்சே ஒரு மாதிரி இருக்கு.” அவன் தகப்பனாரை வரவழைத்தேன். அந்த மனிதர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “நான் பக்கத்து ரூம்லதான் ஐயா படுத்திருந்தேன்.” (அவையில் அமைதி)

நாலு பேர் படுத்திருந்த வீட்டிலே ஒருவன் தனியாக மூழ்கிக்கொண்டிருந்தான். ஒரு நண்பன் கயிற்றைச் சுண்டினான். பிள்ளை பிழைத்தான். இன்று வேலை பார்க்கிறான். சுண்ட ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு?

2025இலே தமிழ்நாட்டில், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டத்தை நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், காசு ஆட்டமே கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அன்றைக்கு இதற்கெல்லாம் சட்டமா போட்டோம்? ராத்திரி பத்து மணிக்குக் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார், விளையாட்டு முடிந்தது! “ஏலே, உங்கப்பன் தேடுதாரு, எந்திரி” என்றார், பையன் எழுந்தான்! நாடாளுமன்றம் செய்கிற வேலையை நம் தெருவிலே ஒரு கடைக்காரர் செய்தார், ஐயா! (நீண்ட கைதட்டல்)

அந்த சென்டர்கள் இனித் திரும்பி வராது. வரவும் வேண்டாம். ஆனால் அங்கே இருந்த பெஞ்சை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ராத்திரி பத்து மணிக்கு எல்லாக் கைப்பேசியும் கூடத்து மேசைக்கு வரட்டும். முதலில் அப்பாவுடையது வரட்டும்! (சிரிப்பு) பிள்ளை ஆடுகிற ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் கேளுங்கள். தோற்றால் ஒரு டீ போட்டுக் கொடுங்கள். கயிறு உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆகவே, மகன் படத்துக்காக ஒரு தாய் காத்திருக்க, அவளோடு ஊர்ப் பிள்ளைகளும் காத்திருந்த அந்தக்கால பிரௌசிங் சென்டரே மனித உறவை வளர்த்தது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)