எந்தக் காற்றில் செல்கிறது தோணி?



ஏரிக்கரை ஊராகிய உத்திரமேரூரில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் அதனோடு சென்றன. நெடுங்கடற்கரை உடையதாயிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் அன்றுமுதல் கடலில்லா மாவட்டம் ஆயிற்று. ஆனால் நிருவாக எல்லை வேறு, இலக்கிய எல்லை வேறு. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் பெயரிலேயே திரை இருக்கிறது. அவனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையையும், இரவில் கலங்களை அழைக்கும் விளக்கையும் நமக்குக் காட்டுகிறது. ஆகவே கடல் நமக்கு அயலன்று.

என் குறை ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில், வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் என் கவிதை ஒன்றைப் படித்துக் காட்டினேன். ஐப்பசி மாதத்து நண்பகலில், பாய் புடைக்க, நேர் கிழக்கே விரையும் தோணியைப் பற்றிய பாட்டு அது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. வாடை எதிர்த்து அடிக்கிற மாசத்துல உங்க தோணி எந்தக் காத்துல போவுது?" என்றார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. காற்றுக்கு நேர் எதிரே பாய்க்கலம் செல்லாது. இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்து, கோணல் வழியாகவே முன்னேறும். எதுகையைப் பார்த்த நான் காற்றைப் பார்க்கவில்லை.

அன்றுமுதல் காற்றைப் பற்றிக் கேட்டறியத் தொடங்கினேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என ஒவ்வொரு காற்றுக்கும் கடலோர மக்களிடம் ஒரு பெயர் உண்டு. தென்மேற்குக் காற்று கலங்களைக் கீழைக் கடலுக்குக் கொண்டு சென்றது. வடகிழக்குக் காற்று அவற்றைத் திரும்பக் கொணர்ந்தது. நம் ஏரியை நிரப்பும் அதே வடகிழக்குப் பருவந்தான் அக்காலக் கடலோடியை வீடு சேர்த்தது. ஒரு காற்றுக்கும் மறு காற்றுக்கும் இடையே அவன் அயல்துறையில் மாதக்கணக்கில் காத்திருந்தான். தீவுக்குத் தீவு செல்லும் கடற்பயணத்தில் பாதி, இவ்வாறு காத்திருத்தலே ஆகும்.

இன்றும் சிறு பாய்ப்படகுகளில் வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றுவோர் புயற்பருவம் கழியும்வரை படகுத்துறைகளில் தங்குகின்றனர். குடிநீரும் மின்சாரமும் பழுது பார்க்கும் வசதியும் உடைய அத்துறைகளுக்கு உலகெங்கும் 'மரினா' என்றே பெயர். நமக்கோ மெரினா என்றால் சென்னைக் கடற்கரை. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் இட்ட பெயர் அது. நம் மெரினாவில் சுண்டல் கிடைக்கும். பாய்க்கலம் தங்க இடம் கிடையாது!

காத்திருந்த தமிழன் சும்மா இருந்தானா? தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள தகுவாபாவில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே தோண்டப்பெற்ற ஒரு குளத்தைப் பற்றி அது கூறுகிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர். குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் முதலிய குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டோ, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு, மரக்கலத் தலைவர்கள் கஸ்தூரி விலையைக் கொண்டு கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டுமென விதித்ததைச் சொல்கிறது.

அன்பர்களே, நம் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையைப் பேசும் நாம், அவற்றில் ஏரி வாரியம் ஒன்று இருந்ததையும் மறத்தலாகாது. ஏரியைக் காக்க வாரியம் அமைத்தது இவ்வூர். கடல் கடந்த துறையிலும் குளந்தோண்டி, அதற்குக் காவலும் வகுத்தது அக்கூட்டம். இரண்டும் ஒரே மரபின் இரு கரைகள் என்று நான் கருதுகிறேன்.

இம்மரபு பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பெற்றது அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கலம். ஏறத்தாழ 90 அடி நீளம். சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதனைச் செலுத்திச் சூயசுக் கால்வாயையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளவுசெஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டனர். பெயர் மாறியது, கட்டிய கையும் செலுத்திய கையும் தமிழ்க்கைகளே.

இதனைப் பாடிய கவிஞர் நம்மிடையே எத்தனை பேர்? கடல், அலை, நுரை, கலங்கரை விளக்கம் என்னும் நான்கு சொற்களோடு நம் கடற்கவிதை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கலத்தின் முகப்பு அணியம், அடிமரம் ஏரா, பாயைத் தாங்கும் குறுக்கு மரம் பருமல், மாலுமிகளின் தலைவர் தண்டல். தூத்துக்குடித் தோணிகளில் எந்திரம் ஏறியபின் பாயோடு சேர்ந்த சொற்கள் ஒவ்வொன்றாய்க் கரையேறி மறைகின்றன. அவற்றை அறிந்த முதியோர் மறைந்தால், அகராதியில் சொல் இருக்கும். அதன் உப்பு இராது.

ஆதலால் இப்பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் கவியரங்கு கடற்கரைக்குச் செல்லட்டும். அங்கே நாம் பாடுவதற்கு முன் கேட்போம். கேட்ட சொற்களைத் தொகுத்து அடுத்த மலரில் பதிப்போம். என் பழைய தோணிப் பாட்டை நான் இன்னும் திருத்தி முடிக்கவில்லை. அம்முதியவர் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. அதனை உங்களிடமும் ஒப்படைத்து அமர்கிறேன்.