விரலடக்கம்



வகுப்பறை ஏளனம் முன்பெல்லாம் பள்ளி மணியோடு ஓய்ந்தது. வீடு பிள்ளைக்கு அரணாய் நின்றது. இன்றோ அது கைப்பேசி வழியே படுக்கையறை வரை பின்தொடர்கின்றது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் சக மாணவியின் படத்தைச் சிதைத்து இடுகின்றான்; நாற்பது பேர் சிரிப்பு எமோஜி இடுகின்றனர். தீங்கிழைத்தவன் ஒருவன், அவளுக்கோ வகுப்பு முழுவதுமே பகையாகத் தோன்றுகின்றது.

அவள் வீட்டில் ஏன் வாய் திறப்பதில்லை? கைப்பேசி பறிபோகும், பழி தன்மேல் விழும் என்னும் அச்சமே காரணம். ஆதலின், "எது நேரினும் சொல், உன்னைக் கடிந்துகொள்ள மாட்டோம்" என்னும் உறுதியைப் பெற்றோர் முன்னரே அளித்தல் வேண்டும். செய்தியை அழிக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாளும் நேரமும் குறித்து வைத்தல் வேண்டும், அதுவே சான்று. அனுப்பியவரைத் தடைசெய்தல் அதன் பின்னரே.

பள்ளி இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தல் ஆகாது. தனித்தனியே கேட்டறிதல் வேண்டும். சிரித்தவர்க்கும் பொறுப்புண்டு என உணர்த்துதல் வேண்டும். மிரட்டல் எழுமாயின், குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930 ஆகியவற்றை நாடத் தயங்கலாகாது.

தவறிழைத்தவனும் பிள்ளையே, அவனை ஒதுக்குவதன்று, திருத்துவதே கல்வி. நாவடக்கம் கற்பித்த பெரியோர் இனி விரலடக்கமும் கற்பிப்பாராக!