ஈரலும் கீழ்க்காய்நெல்லியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"ஈரலைக் காக்கும் இயற்கை உணவுகள்" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். கீரை, பாகற்காய், மஞ்சள், நெல்லி என்று ஒரு பட்டியலை நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். பட்டியல் போடுதல் எளிது. ஆனால் அதை நம்பி ஒருவர் ஆசுப்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டால் அப்பழி யாரைச் சேரும்? ஆதலால் நமது வேலியோரத்தில் முளைக்கும் ஒரு பூண்டை மாத்திரம் எடுத்து, அது ஈரலைக் காக்கின்றது என்பதை எவ்வாறு சோதித்தார்கள் என்று சொல்ல விரும்புகிறேன். 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். ஆகவே இத்தகைய பேச்சு நம் மண்ணுக்குப் புதிதன்று.

பழைய செங்குருதிக் கலங்கள் அழியும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகின்றது. அதனைப் பித்தத்தோடு வெளியேற்றுவது ஈரலின் வேலை. அவ்வேலை தடைப்பட்டால் கண் மஞ்சளாகும். அதனையே செங்கமாரி என்கிறோம். செங்கமாரி ஓர் அடையாளமே; நோய் வேறு. வைரசு, மது, பித்தக்கல், மருந்து, புற்றுநோய் ஆகிய எதுவும் காரணமாயிருக்கலாம்.

நம்மவர் செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுப்பர். சில வாரத்திற் கண் வெளுக்கும். "பார்த்தாயா?" என்பார் ஆச்சி. அவர் கண்டது பொய்யன்று. ஆனால் அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஏ வகை ஈரலழற்சி பெரும்பாலாரிலே தானாகவே மாறிவிடும். 2007இல் கம்பளையிற் பரவியது இவ்வகையே. மருந்து குடியாதவரும் குணமாகும் நோயில் மருந்தின் பெருமையை எப்படி அளப்பது? ஒரு சாராருக்கு மருந்தும் மற்றொரு சாராருக்கு அதுபோன்ற வெறுந் தூளும் கொடுத்து ஒப்பிட்டாலன்றி விடை கிடையாது.

அப்படியும் செய்தார்கள். சென்னையிலே தியாகராஜன் குழுவினர், பி வகை வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்குடன் சேர்ந்து, அவ்வைரசை நெடுநாளாகத் தாங்கியிருந்தோருக்குக் கீழ்க்காய்நெல்லித் தூளை 30 நாள் கொடுத்தனர். 1988இல் "லான்செற்" சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் அடையாளப் பொருள் மறைந்தது. வெறுந்தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மாத்திரமே அவ்வாறாயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. தமிழனுக்கு நெஞ்சு நிமிராதா? ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மீண்டும் சோதித்தபோது அப்பயன் கிடைக்கவில்லை. பின்வந்த ஆய்வுத் தொகுப்புகளும் வெறும் மாத்திரையிலும் அது மேலானது என்று நிறுவப்படவில்லை என்றே கூறின. முதற்செய்தி நம்மூர் வரை வந்தது. இரண்டாவது செய்தி வழியிலே நின்றுவிட்டது!

"எலியில் நிரூபித்திருக்கிறார்களே" என்பர் சிலர். எலிக்குக் காபன் நாற்குளோரைட்டைக் கொடுத்து ஈரலைக் கெடுப்பர். கலங்கள் சிதைந்தால் உள்ளிருந்த நொதியங்கள் குருதியிற் கசியும். மூலிகைச் சாறு பெற்ற எலியில் அவை குறைவாயிருப்பின் மூலிகை காத்தது என்பர். இலங்கை ஆராய்ச்சியாளரும் ஹீன் போவிட்டியா என்னும் பூண்டை 1980களில் இவ்வகையில் ஆராய்ந்து நற்பயன் கண்டனர். மதிக்கத்தக்க முயற்சியே. எனினும் நஞ்சூட்டிய எலியின் ஈரலும் இருபது வருடம் சாராயம் கண்ட மனிதனின் ஈரலும் ஒன்றல்ல.

"இயற்கை" என்ற சொல்லில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. 1960இல் இங்கிலாந்திலே ஓரிலட்சம் வரையான வான்கோழிகள் மாண்டன. காரணம் தீனியில் இருந்த கச்சான் பிண்ணாக்கிற் பிடித்த பூஞ்சணம். அது சுரக்கும் அஃப்லாரொக்சின் மனிதருக்கும் ஈரற் புற்றுநோயைத் தரும். சமைத்தாலும் எளிதில் அழியாது. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் செத்தல் மிளகாயையும் வெயிலிற் காயவைத்துப் பாவிக்கும் சிக்கனத்தை நான் ஒப்பமாட்டேன். மஞ்சளுங்கூட அப்படியே: கறிக்கு இடும் மஞ்சளுக்குப் பயமில்லை, அதன் சத்தை வடித்து மாத்திரையாக்கி விழுங்கிய 10 பேரின் ஈரற் கேட்டை அமெரிக்க வைத்தியர்கள் 2022இல் எடுத்துரைத்தனர். ஒருவர் இறந்தார்.

அப்படியானால் ஈரலைக் காப்பது எது? இளைஞர்களே, சனிக்கிழமை சாராயமும் ஞாயிற்றுக்கிழமை கீழ்க்காய்நெல்லிச் சாறுமாக வாழ்வோர் நம்மிடையே உண்டு. சாற்றைப் பிராயச்சித்தம் என்று எண்ணுகிறார்கள். மதுவால் ஈரலில் முதலிற் கொழுப்பு ஏறும். இந்நிலையிற் குடியை விட்டால் சில வாரங்களிலே பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். தொடர்ந்தால் அழற்சி, பின்னர் தழும்பேறி இறுகும் சிரோசிசு. அந்த நிலைக்குப் போன ஈரலை எந்தச் சாறும் மீட்டதில்லை. சமயப் பெரியோர் குடியைப் பாவம் என்றனர். அவர்கள் சொல்லை மேலும் உறுதிப்படுத்தவே உடற்றொழிலியல் உதவுகின்றது.

குடியாத பெரியோர்களும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம்! றாகமையில் 2007இல் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடந்த ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மதுவாலன்றியே கொழுப்பு ஈரல் இருக்கக் கண்டனர். பருத்த உடலும் நீரிழிவும் இதன் துணைவர். மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரும், சோற்று மலையும், நடவாத கால்களும் இதனை வளர்க்கும். பருத்தவர் உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்தால் ஈரல் தேறும் என்பது மனிதரிலே சோதித்து அறிந்த உண்மை. கீரையும் பருப்பும் தவிட்டரிசியும் இங்கேதான் உதவுகின்றன. சீனியில்லாக் கோப்பியையும் சேர்க்கலாம். கோப்பி குடிப்போரிற் சிரோசிசு குறைவென்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

வீட்டில் எவருக்கேனும் கண் மஞ்சளானால் அன்றே குருதியைச் சோதிப்பியுங்கள். கர்ப்பிணிகளாயின், அல்லது நோயாளி மயங்கிப் பிதற்றினால், ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஆச்சி ஏதும் மூலிகை கொடுத்திருந்தால் அதை டொக்டரிடம் மறையாதீர்கள். பி வகை என்று தெரிந்தால் வீட்டார் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய தடுப்பூசி 2003 முதல் இலங்கையிற் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. என்னிலும் இளையவர் அநேகமாக அதனைப் பெற்றிருப்பர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோரிற் பலர் பெற்றிரார்; அவர்கள் தமது டொக்டரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.