இருப்புப்பாதை ஈன்ற குதிரை நகரம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருப்புப்பாதையால் உருவான ஓர் ஊரின் வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். நம்மிற் பெரும்பாலோர் இருப்புப்பாதை கொண்டுவந்து சேர்த்த இடத்தில் வாழ்கின்றவர்கள். ஆதலின் இத்தலைப்பு நமக்குப் பொருத்தமானதே. அரக்கோணமும் சோலையார்பேட்டையும் உங்களுக்குத் தெரிந்த ஊர்கள். தெரிந்ததைச் சொல்லி உங்கள் காலத்தை வீணாக்க விரும்பவில்லை. யான் நேரிற் கண்டிராத, ஏட்டின் வாயிலாகவே அறிந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அஃது ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஏக்கன் என்னும் சிறு நகரம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் சுமார் 32,000 பேர். இன்று அவ்வூரைக் குதிரைகளின் ஊர் என்றே உலகம் அறியும். ஆயின் அதனைப் பெற்ற தாய் குதிரையன்று, புகைவண்டி!

1820-களில் சார்ல்ஸ்டன் துறைமுகத்து வணிகர்கட்கு ஒரு கவலை பிறந்தது. உள்நாட்டுப் பருத்தியெல்லாம் சவன்னா ஆற்றின் வழியே மிதந்து, அதன் கழிமுகத்திலுள்ள வேறொரு துறைமுகத்திற்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பருத்தியை நடுவழியில் மறித்துத் தம் ஊருக்குத் திருப்ப எண்ணி, 1827-இல் ஓர் இருப்புப்பாதைக் குழுமத்திற்கு அரசின் இசைவு பெற்றனர். 1830-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று 'பெஸ்ட் பிரண்ட்', அதாவது 'சிறந்த நண்பன்' என்னும் பெயருடைய நீராவி எஞ்சின், பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. அமெரிக்காவில் நீராவி எஞ்சினால் ஒழுங்காக நடந்த பயணி வண்டிப் போக்குவரத்து அன்றுதான் தொடங்கியது. நம் தென்னாட்டில் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது 1856-இல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்த 'நண்பன்' ஆறு மாதந்தான் நட்புப் பாராட்டினான். 1831 சூன் மாதத்தில், நீராவி சீறும் ஓசையைப் பொறுக்கமாட்டாத நெருப்பாள் பாதுகாப்பு அடைப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, கொதிகலன் வெடித்து அவர் உயிரைக் குடித்தது. பிறகு பயணிகளின் அச்சத்தைப் போக்குவதற்காக எஞ்சினுக்கும் பயணிப் பெட்டிகளுக்கும் இடையே பருத்திப் பொதிகளை அடுக்கிய வண்டியொன்றைக் கோத்து ஓட்டினார்களாம். எந்தப் பருத்திக்காகப் பாதை போட்டார்களோ, அந்தப் பருத்தியே காவலுக்கும் வந்தது. 1833-இல் சார்ல்ஸ்டனிலிருந்து ஹாம்பர்க் வரை 136 மைல் பாதை முடிந்தது. அந்நாளில் உலகிலேயே நீண்ட இருப்புப்பாதை அதுதான். பெரும்பகுதி மரத்தூண்களின் மேல், மரத்தண்டவாளத்தில் இரும்புப் பட்டை அறைந்து போடப்பட்டது. அதனைப் போட்ட கைகளுள் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் கைகளும் உண்டு. அவர்கள் பெயர் எந்த நிலையத்துப் பலகையிலும் எழுதப்படவில்லை.

குழுமத்தின் முதல் தலைவர் வில்லியம் ஏக்கன் என்பவர். அயர்லாந்திலிருந்து வந்து பருத்தி வாணிகத்திற் செல்வரானவர். 1831-இல், பாதை முடிவதற்கு முன்னமே, குதிரைவண்டி விபத்தொன்றில் அவர் மாண்டார். நீராவியைக் கொண்டு குதிரையை வென்றுவிடலாம் என்று புறப்பட்ட குழுமத்தின் தலைவரைக் குதிரைவண்டியே கொண்டுபோயிற்று. அவர் பெயரைத்தான் பின்னர் ஊருக்கு இட்டனர்.

ஊர் ஏன் அங்கே தோன்றிற்று என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று கதை, மற்றொன்று நிலமட்டம். பாதையை அளக்க வந்த பொறியாளர் டெக்ஸ்டர், பருத்தித் தோட்ட முதலாளி வில்லியம்ஸின் மகள் சாராவின்மேற் காதல் கொண்டார் என்றும், தம் நிலத்தின் வழியே பாதை வந்தாலன்றிப் பெண் தருவதில்லை என்று தந்தை கூறினார் என்றும், அதனாலேயே பாதை மேட்டின்மேல் ஏறிற்று என்றும் அங்கே சொல்லி மகிழ்வர். திருமணம் நடந்தது மெய்யே. ஆயினும் சவன்னா ஆற்றுப் பள்ளத்தாக்கினுள் இறங்குவதற்கு முன் அந்த மேட்டை எங்கேனும் ஓரிடத்தில் ஏறிக் கடந்துதான் ஆக வேண்டும். இருப்புப்பாதை அலுவலில் இருப்பவனுக்குக் காதலைக்காட்டிலும் நிலமட்டத்தில்தான் நம்பிக்கை மிகுதி, அன்பர்கள் பொறுத்தருள்க.

ஏறிய வண்டி மறுபுறம் இறங்குவதுதான் இடர்ப்பாடு. அக்கால எஞ்சினுக்கு அவ்வளவு செங்குத்தான சரிவு ஆகாது. ஆகவே மேட்டின் உச்சியில் நிலையான நீராவிப் பொறியொன்றை நாட்டிக் கயிற்றைக் கட்டி வண்டிகளை இறக்கியும் ஏற்றியும் வந்தனர். வண்டி நின்று கயிறு மாற்ற வேண்டிய இடத்தில் ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு வீடு வேண்டும். காத்திருக்கும் பயணிக்கு உணவும் படுக்கையும் வேண்டும். ஊர் பிறந்துவிட்டது! 1834-இல் டெக்ஸ்டரும் பாஸ்காலிஸ் என்னும் மற்றொரு பொறியாளரும் நகரப் படத்தை வரைந்தனர். 1835-இல் அது முறைப்படி நகராயிற்று.

அன்பர்களே, அந்தப் படத்தைச் சற்றே மனக்கண்ணால் நோக்குங்கள். காட்டுக்கு நடுவே, விரல்விட்டு எண்ணத்தக்க வீடுகள் இருந்த இடத்தில், வீதிகளுக்கு 150 அடி அகலம் கொடுத்தார்கள். நடுவில் மரமும் புல்லும் நிறைந்த பூங்காத் திட்டுகள். இருமருங்கும் வண்டிப் பாதை. எதற்காக இத்தனை அகலம்? அன்று கேட்டிருந்தால் விடை கூற முடிந்திராது. ஆயின் ஏக்கனின் கட்டடக்கலைச் சிறப்பு யாதென என்னைக் கேட்டால், தூண் வைத்த மாளிகைகளைச் சுட்டமாட்டேன். இந்த வெற்றிடத்தைத்தான் சுட்டுவேன். மாளிகைகள் பல எரிந்தும் இடிந்தும் போயின. இரண்டு கட்டடங்களுக்கு இடையே விடப்பட்ட வெளி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது. இன்று அத்திட்டுகளில் ஓங்கிய ஓக் மரங்களும் மக்னோலியா மரங்களும் நிழல் பரப்புகின்றன. தென் எல்லை வீதியில் இருபுறத்து ஓக் மரங்களும் மேலே கைகோத்துக் கோயில் மண்டபம்போற் கவிந்திருக்கின்றன.

1852-இல் சரிவுப் பொறியை நீக்கி, நகரின் ஊடே ஆழமாக மண்ணை வெட்டிப் பாதையைத் தாழ்த்தினர். வீதிகள் பாலங்களாக மேலே செல்ல, வண்டி பள்ளத்திலே சென்றது. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 பிப்ரவரி 11-ஆம் நாள், வடவர் குதிரைப்படை நகருள் நுழையத் தென்னவர் குதிரைப்படை வீதிகளிலேயே பொருது விரட்டிற்று. ஊர் எரியாமல் தப்பியது.

இனிக் கூறப்போவது குதிரை நகரத்தைப் பற்றிய அழகிய படப் புத்தகங்களில் அவ்வளவாகக் காணப்படாதது. பிரின்ஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர், அடிமையாகப் பிறந்து எசமானரின் குதிரைவண்டியை ஓட்டியவர். போர்க்காலத்தில் குதிரையேறித் தப்பி வடவர் பக்கம் சேர்ந்தார்; விடுதலை பெற்ற கறுப்பினப் படைப்பிரிவிற் சார்ஜண்டு ஆனார்; 1868-இல் மாநில அரசியலமைப்பை வகுத்த அவையிலும் பின்பு சட்டமன்றத்திலும் அமர்ந்தார். 1871-இல் ஏக்கன் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனைத் தோற்றுவித்தவர்களுள் அவரும், சாமுவேல் லீ, சார்ல்ஸ் ஹேய்ன் என்ற மற்றிரு கறுப்பின உறுப்பினர்களும் முதன்மையானவர்கள். 1876 சூலையில் ஹாம்பர்க்கில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கும்பலாற் கொல்லப்பட்டனர். அப்போது அவ்வூரில் நீதிபதியாயிருந்தவர் இவரே. அதன்பின் கறுப்பினத்தார் கையிலிருந்த அதிகாரம் பறிபோயிற்று. ரிவர்ஸ் 1887-இல் ஏக்கனிலே காலமானார். சட்டம் இயற்றிய அக்கை, இறுதிக்காலத்தில் மீண்டும் வண்டிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தது. ஏக்கனும் குதிரையும் என்று பேச்செடுத்தால், பந்தயப் பரிசு பெற்ற எந்தக் கோமானையும்விட இவரே என் நெஞ்சில் முதலில் தோன்றுகிறார்.

கட்டடத்திலும் இந்தக் கறை படிந்தது. 1938-இல் அந்நகரின் கூட்டரசு நீதிமன்றச் சுவரில் ஸ்டீபன் ஹிர்ஷ் என்னும் ஓவியர் நீதியைப் பெண்ணுருவாகத் தீட்டினார். பெண்ணின் நிறம் வெள்ளையாக இல்லையே என்று கூச்சல் எழுந்தது. நீதிபதி அதற்குத் திரை போட்டுவிட்டார். நீதிதேவதைக்குக் கண்ணைக் கட்டுவது உலக வழக்கம். இங்கே காண்போர் கண்ணைக் கட்டினர்.

இதற்கு எதிர்முகமாக ஒரு நற்செயலையும் கூற வேண்டும். பென்சில்வேனியாவிலிருந்து வந்த மார்த்தா ஸ்கோபீல்டு அம்மையார் 1868-இல் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக அவ்வூரிற் பள்ளி தொடங்கினார். அப்பள்ளியின் மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது.

குதிரைச் செல்வர்களின் காலம் 1880-களிலும் 90-களிலும் தொடங்கியது. பைன் மரக் காற்று மார்நோய்க்கு மருந்து என்று வடநாட்டார் குளிர்காலத்தில் ஏக்கனுக்கு வந்து தங்குவது அதற்கு முன்பே வழக்கம். உடல்நலங் கருதிச் சிறுமியாக வந்த லூயி யூஸ்டிஸ் அம்மையார், தாமஸ் ஹிட்ச்காக் என்பாரை மணந்த பின் அவருடன் சேர்ந்து ஊரையே குதிரைகளின் குளிர்கால இல்லமாக்கினார். மணற்பாங்கான நிலம், மழை பெய்தாலும் நீர் தேங்காது, குதிரைக் குளம்புக்கு இதமானது. 1882 முதல் போலோ ஆட்டம். 1902-இல் கட்டிய பழைய முறை டென்னிஸ் மண்டபம் இன்றும் ஆட்டத்திற்குப் பயன்படுகிறது. கடற்படை அமைச்சராயிருந்த விட்னி என்பவரின் ஏறத்தாழ அறுபது அறைகள் கொண்ட மாளிகைக்குக் 'காட்டேஜ்', அதாவது குடில் என்று பெயர். அறுபது அறைக் குடில்! இருப்புப்பாதைக் குடியிருப்பில் ஒன்றரை அறையில் ஆறு பேர் வாழும் நமக்கு அந்தத் தன்னடக்கம் விளங்குவது கடினம்.

இச்செல்வர்கள் எப்படி வந்தார்கள்? இரயிலில்தான். குடும்பத்திற்குத் தனிப் பெட்டி, பணியாளர்க்கு ஒன்று, குதிரைகட்கு ஒன்று. நம் பழைய கட்டண நூல்களிலும் குதிரைக்கென்று தனிக் கட்டணம் உண்டு. அப்பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஏக்கன் நினைவு வரும்.

லூயி அம்மையார் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் 1934-இல் இறந்தார். அவர் கணவரும் மகளும் 1939-இல் 1,200 ஏக்கர் காட்டை அறக்கட்டளைக்கு ஈந்தனர். இன்று சுமார் 2,100 ஏக்கராக வளர்ந்துள்ள அக்காட்டில் மோட்டார் வண்டி புகலாகாது. குதிரையும் கால்நடையாக வருவோருமே செல்லலாம். நரியை வேட்டையாடுவதும் இல்லை; முன்னரே இழுத்துச் சென்ற வாசனையை நாய்கள் தொடர, குதிரைகள் பின்செல்லும். ஊருக்குள் குதிரைக் கொட்டில்கள் நிறைந்த பகுதியில் வீதிகளுக்கு இன்றும் தார் போடவில்லை. வேண்டுமென்றே மண்ணாக விட்டிருக்கின்றனர். சாலை கடக்கும் விளக்கின் பொத்தானைக் குதிரைமேல் இருப்பவர்க்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கின்றனர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1950-இல் அருகே அணுவாயுத மூலப்பொருள் ஆலை அறிவிக்கப்பட்டது. எல்லென்டன் முதலிய ஊர்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. சுமார் 6,000 மக்கள் குடிபெயர்க்கப்பட்டனர். ஏக்கனிலோ பத்தாண்டில் மக்கள் தொகை 7,000-இலிருந்து 11,000-க்கு மேல் உயர்ந்தது. அந்தப் பரபரப்பில், 1954-இல், 1899-ஆம் ஆண்டு கட்டிய புகைவண்டி நிலையத்தை இடித்துவிட்டனர். குதிரைக்கு மண் வீதியைக் காத்தவர்கள், அக்குதிரையைக் கொண்டுவந்து இறக்கிய நிலையத்தைக் காக்கவில்லை. இதனை எண்ணும்போது எனக்குக் கோபமே வருகிறது, வருத்தமென்று மழுப்பமாட்டேன். பின்னாளில் அதே வடிவில் புதிய கட்டடம் கட்டி வரவேற்பு நிலையமாகவும் சிறு இரயில் காட்சியகமாகவும் வைத்துள்ளனர். மெச்சத்தக்கதே. ஆயினும் பயணி வண்டி எதுவும் அங்கே நிற்பதில்லை.

அண்மையில் நடந்ததொன்றையும் சொல்லி முடிக்கிறேன். நகரின் நடுவே பழைய விடுதியொன்றை இடித்துப் பெருங்கட்டடங்கள் எழுப்ப நகராட்சியார் ஒரு திட்டம் வகுத்தனர். அகன்ற நியூபெரி வீதியின் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கியது. திட்டத்திற்கு இட்ட பெயர் எது தெரியுமா? பாஸ்காலிஸ்! வீதிக்கு அகலம் கொடுத்தவரின் பெயராலேயே வீதியைக் குறைக்கும் திட்டம். நகர மக்கள் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டனர், வழக்கும் தொடுத்தனர். 2022-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நியூபெரி வீதி 1834-ஆம் ஆண்டுப் படத்தில் உள்ள அகலத்திலேயே இருக்கிறது. ஊரின் நடுவே வெட்டிய பள்ளத்தில், பாலங்களுக்கு அடியில், சரக்கு வண்டிகள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.