கைக்காசும் கைத்தொலைபேசியும்



காசில்லாப் பொருளாதாரம் என்னும் தொடர் இக்காலத்தில் நம் செவிகளில் அடிக்கடி விழுகின்றது. மாதத்தின் கடைசி வாரத்தைக் கையில் காசில்லாமலே ஓட்டிப் பழகிய தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன புதுமை இருக்கிறது என்று வேடிக்கையாகக் கேட்போரும் உண்டு. வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நாணயமும் தாளும் கைமாறாமல், கணக்கிலிருந்து கணக்குக்கு எண்களாகவே பணம் பாயும் முறையைத்தான் அத்தொடர் குறிக்கின்றது. இம்முறை ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளின் லயங்களுக்கு வந்து சேரும்போது எவ்வளவு பாதுகாப்பானது, அதற்கு நாம் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நம் நாட்டில் கைத்தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பும் வசதி 2012ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கியின் கணக்குக்கு உடனுக்குடன் பணம் செல்லும் பொதுவழி 2015இல் அமைந்தது. கடையில் ஒட்டப்பட்டிருக்கும் கறுப்புக் கட்டங்களைத் தொலைபேசியின் கண்ணால் படித்துப் பணம் செலுத்தும் ‘லங்கா கியூஆர்’ முறைக்கான ஒழுங்கை 2018இல் மத்திய வங்கி வகுத்தது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐ முறையும் இதனோடு இணைக்கப்பட்டது. அதனால் நுவரெலியாவுக்கு வரும் இந்திய உல்லாசப் பயணி, இம்முறையைப் பயன்படுத்தும் கடையில், தன் ஊர்க் கணக்கிலிருந்தே தேயிலைப் பொட்டலத்துக்குப் பணம் கொடுக்கலாம். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணங்களுக்கென ‘கவ்பே’ என்னும் முறை 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆகவே வழி போடப்பட்டுவிட்டது. அவ்வழியில் யார் அச்சமின்றி நடக்க முடியும் என்பதே கேள்வி.

பணம் என்பது எந்த வடிவில் இருந்தாலும் அது ஒரு வாக்குறுதியே என்பதை மலைநாட்டின் வரலாறு நமக்கு நன்றாகக் காட்டியிருக்கிறது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைச் சிறிது சிறிதாக அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி, 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் கதவடைத்தது. அவ்வங்கி வெளியிட்ட தாள்களே அப்போது இலங்கையில் பெருமளவில் பணமாக வழங்கிவந்தன. நேற்றுவரை அரிசியும் துணியும் வாங்கித் தந்த தாள் இன்று வெறும் தாளாகிவிடுமோ என்று மக்கள் கலங்கினர். அவ்வேளையில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார், கலக்கம் தணிந்தது. அதே ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு, நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. தாளை அன்று காத்தது அதன் பின்னால் நின்ற பொறுப்பு. கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் எண்ணுக்கும் இதுவே விதி. அந்த எண் பிழைபட்டால் யார் பொறுப்பு, யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் விடை கிடைக்கும் என்பன தெளிவாக இல்லாத இடத்தில் நம்பிக்கை வேரூன்றாது.

மலையகத்துக்கே உரிய மற்றொரு வரலாறும் உண்டு. அதுதான் ‘துண்டு’. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவர் பேரிலுள்ள கடன் தீர்க்கப்பட்டால் விடுவிக்கத் தடையில்லை என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று வேண்டியிருந்தது. கடன் எவ்வளவு என்பது அதில் எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவர் வேறு; அதன் சுமையைத் தாங்கியவர் வேறு. எழுத்தறியாத தொழிலாளி, தன் வாழ்வைக் கட்டிப்போட்ட அந்தச் சீட்டைத் தானே வாசித்துப் பார்க்க இயலவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் அது விட்டுச் சென்ற பாடம் ஒழிந்துவிடவில்லை. தன் பணத்தைப் பற்றிய எழுத்தைத் தானே வாசிக்க இயலாதவர், பிறர் கையில் இருக்கிறார் என்பதே அப்பாடம்.

இன்று வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்’ என்பது அதன் பொருள். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கொழுந்தெடுத்துத் திரும்பிய அம்மா அதை வாசிக்க முடியாமல் அயல் வீட்டுப் பிள்ளையிடமோ கடைக்காரரிடமோ நீட்டுகிறார். எவரிடமும் சொல்லக்கூடாது என்னும் எச்சரிக்கையே அதைப் பிறரிடம் காட்டச் செய்துவிடுகிறது! இதில் அந்த அம்மாவின் கவனக்குறைவு என்று குற்றம் காண்பது நியாயமன்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பணத்தைக் காக்கும் எச்சரிக்கை, பணத்துக்கு உரியவரின் மொழியில் வரவேண்டும் என்பது சலுகை கேட்பதாகாது. பூட்டும் திறப்பும் எவ்வளவு அவசியமோ, அம்மொழியும் அவ்வளவு அவசியம்.

இம்முறையால் நன்மை இல்லை என்று நான் கூறவரவில்லை. நன்மைகள் பல. சம்பளம் நேராகக் கணக்கில் விழுமானால், அது இடையில் எவர் கையிலும் தங்காது. தொழிலாளரின் கூலி பெரிய கங்காணியின் கை வழியாக வந்த காலத்தையும், அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற ஐயத்தையும் முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் அன்றைக்கே மஸ்கெலியாவிலுள்ள தாயின் கணக்கைச் சேரும். ஒவ்வொரு வரவும் செலவும் பதிவாவதால், நாளை ஒரு கடன் கேட்கவோ ஒரு முறைப்பாடு செய்யவோ சான்று இருக்கும். பெண்ணின் உழைப்பு பெண்ணின் பெயரிலேயே கணக்காகும்.

ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்தும், அட்டை கணவரின் சட்டைப் பையிலும், இரகசிய எண் மற்றொருவரின் நினைவிலும் இருக்குமானால், அந்த நன்மை என்னாவது? கடனுக்கு ஈடாக வங்கி அட்டையையும் எண்ணையும் கொடுத்துவிட்டால், சம்பள நாளன்று முதலில் இயந்திரத்தின் முன் நிற்பவர் கடன் கொடுத்தவராகவே இருப்பார். பழைய துண்டு புதிய உருவில் திரும்பி வருவதற்கு இதுவே வாசல். நகையை அடகு வைத்தால் நகை ஒன்றுதான் போகும். அட்டையை அடகு வைத்தால் இனி வரப்போகும் உழைப்பும் போகும்.

மோசடிக்காரர் வரும் வழியையும் அறிந்துகொள்வோம். அவர் வங்கியின் இரும்புப் பெட்டியை உடைக்க முயல்வதில்லை. நம் வாயைத் திறக்க முயல்கிறார். ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’, ‘உங்கள் கணக்கு முடக்கப்படப் போகிறது’ என்று சொல்லி, ஆசையையோ அச்சத்தையோ மூட்டி, தொலைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்கிறார். ஒரு விதியை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்: நமக்குப் பணம் வருவதற்கு நம் இரகசிய எண் வேண்டியதில்லை. எண் கேட்கப்படுகிறது என்றால், பணம் நம்மிடமிருந்து போகிறது என்றே பொருள். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அக்கணக்கில் மாதத்தில் 25 நாள் பெயர் விழுந்தால், கழிவுகளுக்கு முன் 33,750 ரூபா ஆயிற்று. மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் ஈட்டிய அத்தொகை, ஒரு நிமிடப் பேச்சில் பறிபோகலாம்.

பெரிய வங்கிகளும் இவ்விபத்துக்கு விலக்கல்ல. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து கள்வர்கள் கணினி வழியே பெருந்தொகையைக் களவாடினர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போயிற்று. இலங்கையிலுள்ள ஒரு கணக்குக்கென அனுப்பப்பட்ட 2 கோடி டொலரோ தப்பியது. எப்படி? பணம் பெறுவதாகக் குறிக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரில் ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது, அப்பிழை வங்கியாளர் கண்ணில் பட்டது, கேள்வி எழுந்தது, பணம் மீண்டது. இத்தனை பெரிய இயந்திர அமைப்பில், எழுத்தை நிதானமாக வாசித்த கண்ணும், ஐயம் வந்தபோது நின்று கேட்ட மனமும் பணத்தைக் காத்தன. அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

இனி ஆயத்தம் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பணம் மின்சாரத்தையும் தொலைத்தொடர்புக் கோபுரத்தையும் நம்பி வாழ்வது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. அத்தகைய நாளில் கணக்கில் இலட்சம் ரூபா இருந்தாலும் ஒரு இறாத்தல் பாண் வாங்க அது உதவாது. அடுக்களை டப்பாவில் பாட்டி போட்டுவைத்த சில தாள்களே அன்று உதவும்.

நேர் எதிரான அனுபவமும் தேயிலை நாட்டிலேயே உண்டு. 2016 நவம்பர் 8ஆந் திகதி இரவு, இந்திய அரசாங்கம் 500 ரூபா, 1000 ரூபா தாள்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. காசாகவே கூலி கொடுத்துவந்த அசாம் தேயிலைத் தோட்டங்கள் திகைத்தன. மாவட்ட அதிகாரிகளின் கணக்குகள் வழியாகக் காசு எடுத்துக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் தொழிலாளருக்கு விரைவாக வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன. ஆயத்தத்துக்கு முன்பே மாற்றம் வந்தால், அதன் சுமை கடைசி வரிசையில் நிற்பவர்மேல் விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஐரோப்பாவில் முதன்முதலில், 1661இல், வங்கித் தாள் வெளியிட்ட நாடு சுவீடன். இன்று காசை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் நாடுகளில் அதுவும் ஒன்று. அந்நாட்டு அரசாங்கமே, 2024இல் வீடுதோறும் அனுப்பிய அறிவுரை நூலில், நெருக்கடிக்கென ஒரு வாரத்துக்காவது போதிய காசை வைத்திருக்குமாறு கூறியிருக்கிறது. முன்னே நடந்தவர் திரும்பிச் சொல்லும் சொல்லைக் கேட்பது பின்னே நடப்பவருக்கு நலம்.

ஆகவே செய்யவேண்டியவை இரு பக்கத்திலும் உண்டு. வங்கிகளும் நிறுவனங்களும் எச்சரிக்கையைத் தமிழில் அனுப்ப வேண்டும். வாசிக்க இயலாதோர்க்குக் குரலாகவும் சொல்ல வேண்டும். காசு எடுக்கும் வசதி தோட்டத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; பஸ்ஸுக்குக் கொடுத்து, அரை நாள் பெயரை இழந்து நகரத்துக்குப் போய்த்தான் சொந்தப் பணத்தைத் தொடலாம் என்றால், அது முன்னேற்றமாகாது. சம்பளத்தைக் காசாகப் பெறவோ கணக்கில் பெறவோ தேர்ந்துகொள்ளும் உரிமையும் இருத்தல் நன்று.

நம் பக்கத்தில் செய்யவேண்டியவை எளியவை. சிம் அட்டை உங்கள் சொந்த அடையாள அட்டையின் பேரிலேயே இருக்கட்டும். இரகசிய எண்ணை அட்டையின் பின்புறத்தில் எழுதாதீர்கள். அட்டையை எவருக்கும் ஈடு வைக்காதீர்கள். கணக்கில் பணம் குறைந்திருக்கக் கண்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். வங்கி தக்க விடை தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்னும் எண்ணுக்கு முறையிடலாம். இணைய மோசடி பற்றி இலங்கைக் கணினி அவசரப் பிரிவின் 101 என்னும் எண்ணுக்கும் அறிவிக்கலாம். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தாய்க்காக நீங்களே எண்ணை அழுத்திவிடாதீர்கள், அவர் தாமே அழுத்தும்படி கற்றுக்கொடுங்கள். இரண்டு மாலைப்பொழுது போதும்.

ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள் நம் தாய்மார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் கேள்வி கேட்பவர்கள். அந்தக் கூர்மை இனித் தொலைபேசித் திரையின்மீதும் விழட்டும். திரையில் எழுதியிருப்பது அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கும்படி செய்யவேண்டியது மற்றவர்களின் கடன்.